தருமபுரியில் நாள்பட்ட இடுப்பு வலிக்குக் கை சிகிச்சை: லீவில் வருகிறவர்கள் பார்க்க வேண்டியவை

லண்டனிலிருந்து வருகிறவர்கள் ‘ஆஸ்டியோபதி’ (கையால் மூட்டையும் தசையையும் சரிசெய்யும் சிகிச்சை) என்ற சொல்லை அங்குள்ள பொருளிலேயே எடுத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் அந்தப் பெயருக்கு 1993இல் தனிச் சட்டமே போட்டார்கள்; பதிவில்லாதவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் டி.ஓ. என்ற ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம் பெற்றவர் முழு டாக்டர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பலகையில் அந்தச் சொல்லைப் பார்த்தால், உள்ளே இருப்பவர் பெரும்பாலும் பிசியோதெரபிஸ்ட்டாகத்தான் இருப்பார்: நாலரை வருட பி.பி.டி. (பிசியோதெரபி இளநிலை) படிப்பு, அதற்கு மேல் குறுகிய காலப் பயிற்சி. இது ஒன்றும் குறையில்லை, இடுப்பைக் கையாள நல்ல அடிப்படைதான். பலகையில் இருப்பதை விட்டுவிட்டுப் பட்டத்தைக் கேளுங்கள்.

நல்ல இடத்துக்கு அடையாளம் முதல் நாள் பரிசோதனை. குனிய, நிமிர, பக்கவாட்டில் சாய வைப்பார். குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொல்வார். மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கிப் பார்ப்பார். கால் கட்டைவிரலைத் தன் விரலுக்கு எதிராக மேலே இழுக்கச் சொல்வார். இதெல்லாம் நரம்பு அழுந்துகிறதா என்று பார்ப்பதற்கு. எதையும் செய்யாமல் ஸ்கேனை மட்டும் விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து “ஜவ்வு விலகிடுச்சு” என்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்தாலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு அந்த ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கித்தான் இருக்கும்.

கை சிகிச்சை என்றால் நெட்டி முறிப்பது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பெங்களூருவில் இறங்கி, அங்கிருந்து காரிலும் உட்கார்ந்தே வந்த உடம்புக்கு அதைவிட உதவுவது தசையைத் தளர்த்தும் முறை. கட்டிலின் விளிம்பில் மல்லாந்து படுத்து, ஒரு முட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். மற்ற கால் கீழே தொங்கும். தொங்கும் தொடையின் மேல் சிகிச்சை செய்பவர் கை வைப்பார். அந்தக் கைக்கு எதிராக, உங்கள் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கொடுத்து, 5 முதல் 7 விநாடி மேலே தள்ள வேண்டும். விட்டு, மூச்சை வெளியே விடும்போது கால் தானாகக் கொஞ்சம் இறங்கும். இப்படி 3 முதல் 5 தடவை. தப்பு நடக்கும் இடம் இரண்டு: முழு பலத்தோடு முட்டுவது, அணைத்த முட்டியைத் தளர விடுவது. இரண்டிலும் இடுப்பு வில்லாக வளைந்து, தொடை இளகுவதற்குப் பதில் முதுகு பிடித்துக்கொள்ளும்.

ஒருக்களித்துப் படுக்கவைத்துச் சட்டென்று தள்ளும்போது வரும் ‘டக்’ சத்தம், மூட்டு நீரில் உண்டாகும் வாயுக் குமிழியால் வருவது. விலகின எலும்பு உள்ளே போய்விட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். சத்தம் வராவிட்டாலும் பாதகமில்லை. எலும்பு மெலிவு (ஆஸ்டியோபோரோசிஸ்; பொதுவாகச் சொல்லும் எலும்புத் தேய்மானம் வேறு) இருப்பவர்கள், நீண்டநாள் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் இந்தத் தள்ளலே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இடுப்பு வலிக்குக் கழுத்தைத் திருக வந்தால் எழுந்துவிடுங்கள்.

ஒகேனக்கல் எண்ணெய் மசாஜ் அலுப்புக்கு அருமை. ஆனால் அது பரிசோதித்துச் செய்யும் சிகிச்சை இல்லை. முதுகில் ஏறி மிதிக்க மட்டும் விடாதீர்கள்.

எங்களுக்கு உள்ள பெரிய வருத்தம், கரண்ட் வைத்து, பெல்ட் போட்டு இழுத்து அரை மணி நேரத்தை முடித்துவிடும் பழக்கம். நாள்பட்ட இடுப்பு வலிக்கு இழுவை, இடுப்பு பெல்ட், அல்ட்ராசவுண்ட் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர் வழிகாட்டுதலில் வேண்டாம் என்கிறது. உடற்பயிற்சி, மசாஜ், முதுகுத்தண்டைக் கையாளும் சிகிச்சை ஆகியவற்றை ஏற்கிறது. அதற்காகக் கை மட்டும் போதும் என்றும் எண்ண வேண்டாம். பிரான்சில் 400 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 6 முறை ஆஸ்டியோபதி செய்து, மறுபாதிக்குச் சும்மா தொட்டுவிட்டதோடு ஒப்பிட்டார்கள். 2021இல் வந்த முடிவு: அன்றாட வேலை செய்வதில் சிறு முன்னேற்றம் மட்டுமே, வலியில் சொல்லும்படி வித்தியாசமில்லை. கை வைத்த பிறகு உடம்பு இளகியிருக்கும் ஒன்றிரண்டு நாளில் நடையும் பயிற்சியும் சேர வேண்டும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைப் பக்கம் காலையில் அரை மணி நடந்தாலே போதும்.

நான்கு வார லீவு என்றால், வந்த மூன்றாம் நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். செய்த மறுநாள் கொஞ்சம் வலி கூடும். அதனால் கல்யாணத்துக்கு முந்தின நாளும் விமானம் ஏறும் முந்தின நாளும் வேண்டாம்.

சிறுநீர், மலம் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் வலுவிழப்பது இவற்றில் ஒன்று வந்தாலும் யாரையும் தொட விடாமல் அன்றைக்கே தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்த முதுகு வலியில் முதலில் டிபி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசி நாளில் பில்லோடு ஒரு தாளும் கேட்டு வாங்குங்கள்: எந்தப் பக்கம், என்ன முறை, எத்தனை தடவை, எந்தப் பயிற்சி, தள்ளல் செய்யப்பட்டதா இல்லையா. நீங்கள் திரும்பிப் போன பிறகு அங்கே உங்களுக்குச் சிகிச்சையைத் தொடர்கிறவருக்கு ஸ்கேனைவிட அந்தத் தாள்தான் உதவும்.