ஆடிட்டர் வராமலே வந்த ஐஎஸ்ஓ 45001 சான்றிதழ்: சிறு பட்டறைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெரிய கம்பெனியில் வெண்டராகப் பதிவுசெய்யப் போனால் கேட்கிற காகிதங்களில் இப்போது ஐஎஸ்ஓ 45001 சான்றிதழும் சேர்ந்துவிட்டது. தொழிலிடப் பாதுகாப்பையும் தொழிலாளர் உடல்நலத்தையும் நிர்வகிப்பதற்கான தரநிலை அது. பர்ச்சேஸ் பிரிவிலிருந்து “பதினைந்து நாளில் அனுப்பவும்” என்று மெயில் வரும். அந்த அவசரத்தை வைத்துத்தான் ஒரு போலி வியாபாரம் நடக்கிறது. கோவைப் பக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை அதில் எப்படிச் சிக்கியது என்பதை வரிசையாகச் சொல்கிறோம். ஆட்களின் பெயரை விடுங்கள், ஏமாற்றும் முறையைக் கவனியுங்கள். எந்த ஊர்ப் பட்டறைக்கும் இதே முறையில்தான் வலை விரிக்கிறார்கள்.

பட்டறையில் 30 நிரந்தர ஆட்கள், 8 ஒப்பந்த ஆட்கள். வாட்ஸ்அப்பில் கோட்டேஷன் வந்தது: மொத்தம் 14,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி, ஏழே நாளில் சான்றிதழ். கேட்ட விவரங்கள் நான்கு: ஜிஎஸ்டி பதிவு நகல், லெட்டர்ஹெட், ஆட்களின் எண்ணிக்கை, செய்யும் வேலை. என்ன இயந்திரங்கள் இருக்கின்றன, கிரேன் உண்டா, இரவு ஷிஃப்ட் உண்டா, கடைசியாக யாருக்கு எப்போது அடிபட்டது என்று எதையும் கேட்கவில்லை. பாதிப் பணம் முன்பணமாகப் போனது. ஐந்தாம் நாள் ஸ்கேன் காப்பி, எட்டாம் நாள் தங்கக் கரை போட்ட சான்றிதழ், கூடவே தடிமனான ஒரு மேனுவல். மொத்தம் 16,520 ரூபாய். பட்டறை வாசலை ஒருவரும் மிதிக்கவில்லை.

வாடிக்கையாளர் கம்பெனி சான்றிதழ் எண்ணைச் சரிபார்த்தது. எங்கும் பதிவு இல்லை. வெண்டர் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது மட்டுமில்லை, “பொய் ஆவணம் கொடுத்தவர்” என்ற குறிப்பும் ஏறியது. 16,520 ரூபாயைவிட அந்தக் குறிப்பின் நஷ்டம் பல மடங்கு பெரியது.

முதலில் ஓர் அடிப்படை. ஜெனீவாவில் இருக்கும் ஐஎஸ்ஓ அமைப்பு தரநிலையை எழுதி வெளியிடுவதோடு சரி, யாருக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. அதன் லோகோவைச் சான்றிதழில் போடவும் அனுமதி கிடையாது. ஆகவே “ஐஎஸ்ஓவிலிருந்து நேரடியாக வாங்கித் தருகிறோம்” என்று ஒருவர் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். சான்றிதழ் தருவது சான்றளிப்பு நிறுவனம். அந்த நிறுவனத்துக்கு அந்தத் தகுதி இருக்கிறதா என்று ஐஎஸ்ஓ/ஐஇசி 17021-1 தரநிலையின்படி பரிசோதித்து அங்கீகாரம் தருவது அக்ரெடிட்டேஷன் அமைப்பு. இந்தியாவில் அது இந்தியத் தர மன்றத்தின் கீழ் இயங்கும் என்ஏபிசிபி. பிரிட்டனின் யூகேஏஎஸ் போன்ற வெளிநாட்டு அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களும் இங்கே வேலை செய்கின்றன, அதில் தவறில்லை. இந்த அக்ரெடிட்டேஷன் அமைப்புகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ள ஐஏஎஃப் என்ற சர்வதேச அமைப்பின் வழியாக உருவான ஓர் ஒப்பந்தம் உண்டு.

போலிக்காரர்கள் இந்தச் சங்கிலியின் உச்சியையே தயாரித்துவிடுகிறார்கள். “சர்வதேச அங்கீகார வாரியம்” என்பது போல ஒரு பெயர், ஓர் இணையதளம், பூமி உருண்டை போட்ட ஒரு முத்திரை. அந்த வாரியமும் சான்றிதழ் விற்பவரும் ஒரே ஆளாகவே இருக்கலாம். சான்றிதழில் இருக்கும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் “செல்லுபடியாகும்” என்று பச்சை எழுத்தில் வரும். வருவது அவர்களுடைய சொந்தத் தளத்திலிருந்து! அதைச் சரிபார்ப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் கட்டுவதற்கு முன்பே என்ஏபிசிபி தளத்திலோ, அவர்கள் சொல்லும் வெளிநாட்டு அமைப்பின் தளத்திலோ நீங்களாகவே போய், அந்தச் சான்றளிப்பு நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். அவர்கள் அனுப்பும் லிங்க் வழியாகப் போக வேண்டாம். சான்றிதழ் வந்தபிறகு ஐஏஎஃப் சர்ட்சர்ச் தளத்தில் அதன் எண்ணைத் தேடிப் பாருங்கள்.

பெயர் இருந்தாலும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தர நிர்வாகத்துக்கான ஐஎஸ்ஓ 9001க்கு மட்டும் அங்கீகாரம் வாங்கிய நிறுவனம் 45001க்கும் அதே முத்திரையோடு சான்றிதழ் கொடுக்க முடியாது. தொழில் துறைக்கும் குறியீடு உண்டு: ஐஏஎஃப் பட்டியலில் 17 என்பது உலோகமும் உலோகப் பொருள்களும், 18 இயந்திரங்கள், 28 கட்டுமானம், 4 ஜவுளி. உங்கள் துறையின் குறியீடு 45001க்கு எதிரே இருக்கிறதா என்று பாருங்கள்.

இதையெல்லாம் தேட நேரமில்லை என்பவர் ஒரே ஒரு கேள்வியாவது மெயிலில் கேளுங்கள்: “ஸ்டேஜ் ஒன்னுக்கு எத்தனை மேன்டே, ஸ்டேஜ் டூவுக்கு எத்தனை மேன்டே?” ஸ்டேஜ் ஒன் என்பது ஆவணங்களையும் தயார்நிலையையும் பார்க்கும் முதல் கட்ட ஆடிட், ஸ்டேஜ் டூ முழு ஆடிட். மேன்டே என்பது ஓர் ஆடிட்டரின் ஒரு நாள் வேலை. விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேளுங்கள். போலிக்காரரிடமிருந்து நேரான பதில் வராது.

ஏனென்றால் மேன்டே என்பது ஆடிட்டரின் விருப்பத்துக்கு விட்ட கணக்கு இல்லை. ஐஏஎஃபின் எம்டி 5 என்ற கட்டாய ஆவணத்தில் அட்டவணையாகவே இருக்கிறது. 26 முதல் 45 பேர் வரை வேலைசெய்யும் இடத்துக்கு ஆபத்து மிகுந்த வகை என்றால் 7 நாள், நடுத்தரம் என்றால் ஐந்தரை, குறைவு என்றால் 4. இரண்டு ஸ்டேஜும் சேர்ந்த கணக்கு இது. தகுந்த காரணம் காட்டிக் குறைத்தாலும் 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. திட்டமிடலும் அறிக்கை எழுதுவதும் இந்த நாட்களுக்குள் அடங்கும், ஆனால் அவை போக இடத்தில் இருக்கும் நேரம் பொதுவாக மொத்தத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. உங்கள் கட்டுப்பாட்டில் வேலைசெய்யும் ஒப்பந்த ஆட்களையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். மேற்சொன்ன பட்டறைக்கு எண்ணிக்கை 38, 30 அல்ல. ஆபத்து மிகுந்த வகையில் வைத்தால் எவ்வளவு குறைத்தாலும் ஏறக்குறைய ஐந்து நாள் வரும். ஐந்து நாள் ஆடிட்டரின் சம்பளம், பயணம், தங்கும் செலவு எல்லாம் 14,000 ரூபாய்க்குள் அடங்குமா என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒப்பந்த ஆட்களைக் கழித்துவிட்டு, நிரந்தர ஆட்களையும் குறைத்து “10 பேர் என்று போடுங்கள், ஃபீஸ் குறையும்” என்று சில கன்சல்டன்ட்கள் யோசனை சொல்வார்கள். அதற்கு இணங்காதீர்கள். பிஎஃப் சலான் ஒரு எண்ணிக்கை சொல்லும், சான்றிதழ் கோப்பு வேறு எண்ணிக்கை சொல்லும். விபத்து நடந்த அன்று அந்த வித்தியாசத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறை உரிமையாளர்தான்.

அந்த ஐந்து நாளில் ஆடிட்டர் காகிதம் மட்டும் பார்ப்பதில்லை. பாதுகாப்புக்குச் சட்டப்பொறுப்பு உள்ள நிர்வாகி, தொழிலாளர் பிரதிநிதி, உடல்நலக் கண்காணிப்பைக் கவனிப்பவர், மேலாளர்கள், நிரந்தர ஆட்கள், தற்காலிக ஆட்கள் என்று எல்லாரிடமும் பேச வேண்டும். இது ஐஏஎஃபின் எம்டி 22 ஆவணத்தின் கட்டளை. குளோஸிங் மீட்டிங்குக்கும் நிர்வாகியையும் தொழிலாளர் பிரதிநிதியையும் அழைக்க வேண்டும். வெல்டரிடமும் ஹெல்பரிடமும் பேசாமல் ஒரு 45001 ஆடிட் முடிந்தது என்றால் அது நடக்கவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி அந்த மேனுவலுக்கு வருவோம். பணம் போனதைவிட எங்களுக்குக் கோபம் இதன் மேல்தான். அட்டையில் பட்டறையின் பெயர். உள்ளே ஆபத்து மதிப்பீட்டுப் பட்டியல், அதாவது நாம் ஹிரா என்று சொல்வது, ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து எடுத்து ஒட்டியது. நாற்காலி உயரம், கணினித் திரை வெளிச்சம், படிக்கட்டில் வழுக்குதல். கட்டிங் வீல் என்ற சொல்லே இல்லை. ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் முதலில் எழுத வேண்டியது ஆங்கிள் கிரைண்டரைப் பற்றி. 7 அங்குல வீலின் மேல் அதிகபட்சம் நிமிடத்துக்கு 8,500 சுற்று என்ற அளவில் அச்சிட்டிருக்கும். 4, 5 அங்குலக் கிரைண்டர்கள் 11,000 சுற்று வரை ஓடும். சின்ன மெஷினில் வீலை மூடும் தடுப்பைக் (கார்டு) கழற்றிவிட்டுப் பெரிய வீலை மாட்டினால் வீல் சிதறும், துண்டு முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். அந்த மேனுவலில் இதற்கெல்லாம் “பிபிஇ (தற்காப்புச் சாதனம்) அணிய வேண்டும்” என்று ஒரே வரி. தரநிலையின் 8.1.2 பிரிவு சொல்லும் வரிசை வேறு: ஆபத்தை நீக்கு, மாற்று வழி தேடு, இயந்திரத்திலேயே தடுப்பு வை, வேலைமுறையை ஒழுங்குபடுத்து, இத்தனைக்கும் பிறகுதான் கண்ணாடியும் கையுறையும். எங்கு பார்த்தாலும் பிபிஇ என்று மட்டும் எழுதியிருக்கிற ஹிரா, பட்டறையைப் பார்க்காதவர் எழுதியது.

நகல் மேனுவலைக் கண்டுபிடிக்க வேறு தடயங்களும் உண்டு. உள்ளே எங்காவது ஓஹெச்எஸ்ஏஎஸ் 18001 என்று தென்பட்டால் அது 2018க்கு முந்தைய பழைய கோப்பு. அதன் இடத்தில்தான் 2018 மார்ச்சில் 45001 வந்தது, மாறிக்கொள்ளக் கொடுத்த அவகாசமும் 2021 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. 2024இல் வந்த திருத்தம் பருவநிலை மாற்றம் நமக்குப் பொருந்துமா என்று பரிசீலிக்கச் சொல்கிறது. தகரக் கூரைக்குக் கீழே சித்திரை, வைகாசியில் வெல்டிங் செய்யும் ஊரில் அது காகிதச் சடங்கு அல்ல. தண்ணீர், ஓய்வு நேரம், காற்றோட்டம் பற்றி அங்கே எழுத வேண்டும். சட்டப் பட்டியலில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணி நிலைமைகள் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்று தயாரிக்கும் பட்டியலில் அது இல்லையென்றால் தயாரித்தவருக்கு வேலை தெரியவில்லை.

இன்னொரு வகை ஏமாற்று இதைவிட நுட்பமானது. சான்றளிப்பு நிறுவனம் உண்மையானது, அங்கீகாரமும் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு கன்சல்டன்ட் “ஆடிட்டர் நம்ம ஆள், பாஸ் உறுதி” என்று மொத்தப் பணத்தையும் தன் கணக்கில் வாங்கிக்கொள்வார். 17021-1 இதைத் தெளிவாகத் தடுக்கிறது. சான்றளிப்பு நிறுவனம் கன்சல்டன்சி செய்யக் கூடாது. உங்களுக்கு இன்டர்னல் ஆடிட் செய்துகொடுத்திருந்தால் குறைந்தது இரண்டு ஆண்டு உங்களுக்குச் சான்றளிக்கக் கூடாது. குறிப்பிட்ட கன்சல்டன்ட் வழியாக வந்தால் சுலபம், மலிவு, வேகம் என்று விளம்பரமும் செய்யக் கூடாது. ஒப்பந்தம் சான்றளிப்பு நிறுவனத்துக்கும் உங்களுக்கும் நேராக இருக்க வேண்டும், ஆடிட் கட்டணமும் அதன் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். கன்சல்டன்ட் ஃபீஸ் தனி பில்.

ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுக் கணக்கையும் எழுதி வாங்குங்கள். சான்றிதழ் மூன்று ஆண்டு செல்லும், நடுவில் ஆண்டுக்கொரு சர்வைலன்ஸ் ஆடிட், அதாவது கண்காணிப்பு ஆடிட், உண்டு. முதல் சர்வைலன்ஸ் சான்றளிப்பு முடிவு எடுத்த தேதியிலிருந்து 12 மாதத்துக்குள் நடக்க வேண்டும். முதல் ஆண்டு விலையை அடிமாட்டு விலைக்குக் காட்டிவிட்டு இரண்டாம் ஆண்டு ஏற்றுபவர்கள் உண்டு. ஆடிட்டே இல்லாமல் “சர்வைலன்ஸ் ஃபீஸ் மட்டும் அனுப்புங்கள், புதுத் தேதி போட்டுத் தருகிறோம்” என்பவரும் உண்டு.

முறையாகச் செய்தால் எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். 40 பேர் பட்டறைக்கு மூன்று முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஜ் டூவுக்குள் ஒரு முழு இன்டர்னல் ஆடிட்டும் நிர்வாக மறுஆய்வுக் கூட்டமும் நடந்து பதிவாகியிருக்க வேண்டும். ஆடிட்டில் மேஜர் என்சி, அதாவது தரநிலைக்கு ஒவ்வாத பெரிய குறை, வந்தால் திருத்தி, ஆடிட்டர் அதைச் சரிபார்த்த பிறகுதான் சான்றிதழ். ஸ்டேஜ் டூவின் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் அது முடியாவிட்டால் ஸ்டேஜ் டூவையே மறுபடி நடத்த வேண்டியிருக்கும். வாடிக்கையாளரின் பதினைந்து நாள் கெடுவுக்கு நேர்மையான வழி ஒன்றே: அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு, ஆடிட் தேதி குறித்த கடிதத்தை இணைத்து அவகாசம் கேட்பது.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், அந்தச் சான்றிதழை இனி எந்த டெண்டரிலும் வைக்காதீர்கள். சுவரிலிருந்தும் லெட்டர்ஹெட்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். தெரிந்த பிறகும் பயன்படுத்தினால் ஏமாந்தவர் என்ற நிலை மாறிவிடும். கோட்டேஷன், வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ரசீது, சான்றிதழின் இரு பக்க ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். சான்றிதழில் உண்மையான அமைப்பின் முத்திரை திருட்டுத்தனமாகப் போடப்பட்டிருந்தால் முதலில் அந்த அமைப்புக்கு எழுதுங்கள். “இது எங்களுடையது இல்லை” என்ற அவர்களின் பதில் காவல்துறைப் புகாருக்குப் பலமான ஆதாரம். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு. இணையவழியில் பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே, அன்றைக்கே அழையுங்கள். நுகர்வோர் ஆணையத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம், “வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவை” என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது.

“இதை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தருகிறோம், கொஞ்சம் பணம் போதும்” என்று அடுத்த ஆள் வருவார். செல்லத்தக்க அங்கீகாரம் உள்ள சான்றிதழை மட்டுமே ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியும். போலியை மாற்ற வழியே இல்லை, ஸ்டேஜ் ஒன்னிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த மேனுவலில் காப்பாற்றவும் ஒன்றும் இல்லை. ஆனால் பட்டறையில் ஏற்கெனவே இருக்கும் கிரேன், செயின் பிளாக், ஏர் ரிசீவர் ஆகியவற்றின் ஆய்வுச் சான்றுகள், தீயணைப்புக் கருவி நிரப்பிய ரசீதுகள், காயப் பதிவேடு, மருத்துவப் பரிசோதனைத் தாள்கள் எல்லாம் செல்லும். அவற்றைத் தேதிவாரியாக அடுக்குங்கள். பிறகு கிரைண்டர் பிடிக்கும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஹிராவின் முதல் வரியை எழுதத் தொடங்குங்கள்.