மஸ்கிக்கு வீசும்போது கோலை எப்படிப் பிடிப்பது: எட்டு சீசன், இரண்டு ரீல், ஒரு முழங்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மஸ்கி என்கிற பெரிய நன்னீர் வேட்டை மீனுக்கு எந்த ரீல் (தூண்டில் நரம்பைச் சுற்றும் கருவி) வாங்கலாம் என்று தேடி வந்தவர்களுக்கு இதில் பாதிதான் கிடைக்கும். மீதி முழுக்கக் கையைப் பற்றியது. எந்தக் கையால் கோலைப் பிடிக்கிறோம், எந்தக் கையால் சுற்றுகிறோம், ட்ரிக்கருக்கு (ரீலுக்கு அடியில், கோலில் விரல் மாட்டுகிற கொக்கி) முன்னால் எத்தனை விரல் போகிறது, கோலின் அடிக்கட்டை உடம்பில் எங்கே போய் நிற்கிறது, இந்த நான்கும்தான் விஷயம். பாஸ் மீனுக்குச் சின்னக் கோலோடு போகிறவர்கள் இதையெல்லாம் யோசிக்கத் தேவையில்லை. மஸ்கிக்குப் போகிறவர்கள் யோசித்தே ஆகவேண்டும், இல்லையென்றால் முழங்கை யோசிக்க வைக்கும்.

நான் இருப்பது கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோவில். மீன் பிடிப்பது பெரும்பாலும் கவார்த்தா ஏரிகளில்: பிஜன், பக்ஹார்ன், செமாங். அங்கே மஸ்கி சீசன் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் 15 வரை. இந்த மீனுக்கு "பத்தாயிரம் வீச்சு மீன்" என்று இங்கே ஒரு பேர் உண்டு. மிகைதான், ஆனால் ரொம்ப மிகை இல்லை. ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் 40, 45 தடவை வீசுகிறேன், எட்டு மணி நேரம் நின்றால் 300-க்கு மேல். ஒவ்வொரு தடவையும் நுனியில் தொங்குவது 80, 100 கிராம் பாரம். பெரிய ரப்பர் இரைகளில் ஒன்றின் பெயரே பவுண்டர், பெயருக்கேற்ப ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். அதை எட்டரை அடிக் கோலில் கட்டி நாள் முழுக்க வீசுவதை விளையாட்டு என்று சொல்வதா கூலிவேலை என்று சொல்வதா, தெரியவில்லை.

(படகை மெதுவாக ஓட்டிக்கொண்டு இரையைப் பின்னால் இழுத்துப் போகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது, கோல் பாட்டுக்குத் தாங்கியில் நிற்கும், கையில் காபி இருக்கும். ஒன்டாரியோவின் சாதனை மஸ்கி, 1988-இல் ஜோர்ஜியன் பேயில் கிடைத்த 65 பவுண்டு மீன், அப்படி இழுத்துப் போனபோது அகப்பட்டதுதான். அது தெரிந்தும் நான் வீசிக்கொண்டேதான் இருக்கிறேன்.)

2017-இல் தொடங்கியபோது கையில் இருந்தது ஸ்பின்னிங் ரீல். அதில் வலது கையால் வீசி இடது கையால் சுற்றுவதுதான் வழக்கம். அந்தப் பழக்கம் ஊறிப்போனதால் அடுத்த வருடம் பெய்ட்காஸ்டர் (கோலின் மேல் உட்காரும் ரீல், ஸ்பூல் என்கிற நரம்பு உருளையைக் கட்டைவிரலால் அடக்கவேண்டும்) வாங்கப் போனபோது யோசிக்காமல் இடது கையால் சுற்றும் பிடி வைத்ததையே எடுத்தேன், ஷிமானோ ட்ராங்க்ஸ் 401. அந்த வரிசையில் எண் 1-இல் முடிந்தால் இடது கைக்கானது, 0-இல் முடிந்தால் வலது. மூன்று சீசன் அதைத்தான் பயன்படுத்தினேன், ரீல் மேல் ஒரு குறையும் இல்லை. வலது கை வீசும், அதே கை ரீலைப் பிடித்தபடியே இருக்கும், இரை தண்ணீரைத் தொட்டதும் இடது கை சுற்றத் தொடங்கும். கை மாற்றும் வேலை இல்லை. கவார்த்தாவில் இது சின்ன நன்மை இல்லை. நான் வீசுகிற இடமெல்லாம் ஆழம் குறைவு, பாசிக் காடு, இரை விழுந்து ஒரு விநாடி தாமதித்தால் போதும், பச்சையாக ஒரு கொத்து தலைமுடி மாதிரி முள்ளில் சுற்றிக்கொண்டு வரும். அந்த வீச்சு வீண்.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீசுவது வலது கை. வீசிய பிறகு கோலைத் தாங்குவது வலது கை. ஜெர்க் பெய்ட் போட்டால் கோலை வெடுக் வெடுக்கென்று தட்டுவதும் வலது கை. படகோரத்தில் கோல் நுனியால் எட்டுப் போடுவதில் (அது கீழே வருகிறது) பெரும்பாரமும் அதே கைக்கு. இடது கை பாட்டுக்கு ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. 2020 அக்டோபரில் ஒருநாள் காலை தேத்தண்ணிக் கோப்பையைத் தூக்க முடியவில்லை, முழங்கையின் வெளிப்பக்கத்தில் யாரோ ஊசி வைத்துத் திருகுகிற மாதிரி. பிசியோவிடம் போனால் டென்னிஸ் எல்போ என்றார், நான் வாழ்க்கையில் டென்னிஸ் மட்டையைத் தொட்டதில்லை. அவர் என்னை ஒரு துடைப்பக் கட்டையைக் கோல் மாதிரிப் பிடித்துக்காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: மணிக்கட்டை வளைத்து வைத்துக்கொண்டு இறுக்கிப் பிடிக்கிறீர்கள், இறுக்கிப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டு மடங்காமல் நிறுத்துவதற்கு முன்னங்கையின் மேல்பக்கத் தசை இழுக்கிறது, அந்தத் தசை போய் ஒட்டியிருக்கிற இடம்தான் உங்களுக்கு வலிக்கிற இடம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஓய்வு. 2021-இல் அதே ரீலின் வலது கை வடிவம், ட்ராங்க்ஸ் 400 வாங்கினேன், பல் விகிதம் 5.8-க்கு 1, அதாவது பிடியின் ஒரு சுற்றுக்கு ஸ்பூல் 5.8 சுற்று. பழையதை விற்காமல் வைத்திருந்ததைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அது ஒரு முட்டாள்தனம்.

வலது கைப் பிடி என்றால் வலக்கைக்காரர் வீசிய பிறகு கை மாற்றவேண்டும். பெய்ட்காஸ்டர் ரீல்கள் ரொம்பக் காலம் பெரும்பாலும் வலது கைப் பிடியோடுதான் வந்தன, அதனால் பழைய ஆட்கள் எல்லோரும் இப்படித்தான் பழகியவர்கள். இரை விழுந்த பிறகு நிதானமாகக் கை மாற்றினால் மேலே சொன்ன பாசிப் பிரச்சினை. அதனால் இரை காற்றில் இருக்கும்போதே மாற்றவேண்டும். வீசும்போது வலது கை ரீலில், கட்டைவிரல் ஸ்பூலின் மேல், இடது கை அடிக்கட்டையின் முனையில். இடது கை உள்ளே இழுக்க, வலது கை வெளியே தள்ள, இரை போகும். போய்க்கொண்டிருக்கும்போது இடது கை அடிக்கட்டையை விட்டு மேலே ஏறி ரீலின் இடது பக்கத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளும், இடது கட்டைவிரல் ஸ்பூலில் வந்து உட்காரும், அதற்கப்புறம்தான் வலது கட்டைவிரல் எழும்பவேண்டும். இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் அரை விநாடி இடைவெளி விழுந்தால் சுழல்கிற ஸ்பூல் உங்களைக் கேட்காது, 80 பவுண்டு பின்னல் நரம்பு சிக்கிக் குருவிக்கூடாகிவிடும். அதைவிட மோசம், ஸ்பூல் திடீரென்று இறுகி நின்றால் நரம்பு பட்டென்று அறுந்து இரை தனியாகப் பறந்து போகும். முதல் மாதத்தில் இரண்டு இரைகளை அப்படி ஏரிக்குத் தானம் செய்தேன், ஒவ்வொன்றும் 40 டாலர். பிரேக்கை ஓரிரு படி கூட்டி வைத்த பிறகுதான் நிலைமை சரியானது. தூரத்தில் மூன்று நான்கு மீட்டர் குறையும், குறையட்டும்.

இனி பிடி. ரீலைக் கையில் "வைத்துக்கொள்வது" வேறு, "பிடிப்பது" வேறு, இது எனக்குப் புரிய நான்கு வருடம் ஆனது. இடது உள்ளங்கை ரீலின் பக்கத் தட்டை வாங்கிக்கொள்ள, விரல்கள் அடியில் சும்மா கொக்கி மாதிரிக் கோலைத் தாங்கினால் போதும். முன்பு ட்ரிக்கருக்கு முன்னால் ஒரே விரல் வைத்திருந்தேன். நீளக் கோல் நுனிப்பக்கம் பாரம், கை பின்னால் தள்ளி இருக்க இருக்க நுனி கீழே இழுக்கும், அதைச் சமாளிக்கத்தான் நாம் இறுக்குகிறோம். இப்போது மூன்று விரல் ட்ரிக்கருக்கு முன்னால், சுண்டுவிரல் மட்டும் பின்னால். கை ரீலுக்கு நேர் அடியில் வந்துவிடுகிறது, இறுக்கம் தானாகவே தளர்கிறது. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு காய்ப்பு வந்திருக்கிறது, ஆகஸ்ட்டில் கொஞ்சம் எரியும், டேப் ஒட்டிக்கொள்கிறேன். என் கை சின்னது என்பதையும் சொல்லவேண்டும். நண்பர் ஒருவரின் 500 அளவு ரீலை ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன், இழுக்கிற பலம் அபாரம், ஆனால் உள்ளங்கையில் அடங்கவில்லை, தேங்காயைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. பெரிய கை உள்ளவர்களுக்குச் சரியாக இருக்கலாம்.

எல்லா இரைக்கும் இதே பிடி என்று நினைக்காதீர்கள். இரட்டைப் 10 என்று சொல்கிற பெரிய தகடு வைத்த பக்டெயில் இரை இருக்கிறதே, அதை வேகமாகச் சுற்றி இழுக்கும்போது தண்ணீரில் வாளியை இழுக்கிற கனம் இருக்கும். ரீலை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதைச் செய்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் ரீல் கையில் ஆடும், மணிக்கட்டுக்கு அடி. அதற்கு இடது கையை ரீலுக்கு முன்னால் இருக்கிற பஞ்சுப் பிடிக்குக் கொண்டுபோய், அடிக்கட்டையை இடுப்பிலோ கீழ் விலா எலும்பிலோ ஊன்றிக்கொள்கிறேன். பாரம் இடுப்புக்குப் போகும், கை திசை மட்டும் காட்டும். சுற்றுவது பலமான வலது கை. இடது கைப் பிடி ரீல் வைத்திருந்த காலத்தில் இந்தப் பக்டெயிலை ஒரு மணி நேரத்துக்கு மேல் என்னால் சுற்ற முடிந்ததில்லை, இப்போது அரை நாள் போகிறது. இதற்காகவே மாறியது வீண் போகவில்லை. ஆனால் சில புதுக் கோல்களில் அந்த முன் பிடியையே எடுத்துவிட்டு வெறும் கார்பன் குழாயாக விட்டுவிடுகிறார்கள், பார்க்க அழகு, குளிரில் பிடிக்க எரிச்சல்.

ஜெர்க் பெய்ட்டில் கதை தலைகீழ். சூயிக் மாதிரிக் கட்டை இரைக்குக் கோல் நுனியைத் தண்ணீரைப் பார்த்து வைத்து, கீழ்நோக்கித் தட்டி, தளர்ந்த நரம்பை மட்டும் சுற்றி எடுக்கவேண்டும். இங்கே வேலை செய்வது கோல் பிடித்த கை. என் இடது கைக்கு அந்த நளினம் இன்னும் வரவில்லை, நேர்மையாகச் சொன்னால் 401 வைத்திருந்தபோது என் இரை இன்னும் நன்றாக ஆடியது. இப்போது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, தோளிலிருந்து தட்டுகிறேன். ரப்பர் இரைகளுக்குக் கையே வேண்டாம், இடுப்பைத் திருப்பிக் கோலைப் பக்கவாட்டில் இழுத்தால் போதும். மேல்மட்ட இரைகளுக்கு எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான்.

படகோரத்து எட்டு. மஸ்கி இரையின் பின்னால் படகு வரைக்கும் வந்து நிற்கும், அதனால் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் கோல் நுனியைத் தண்ணீருக்குள் விட்டுப் பெரிதாக ஒரு 8 போடவேண்டும். 2021 ஆகஸ்ட்டில் பிஜன் ஏரியில் ஒன்று வந்தது, 40 அங்குலத்துக்குக் குறையாது, பழுப்பாக, கட்டை மாதிரி. நான் வலது கையைச் சுற்றும் பிடியிலிருந்து எடுக்கவே இல்லை. இடது கை ஒன்றால் மட்டும் திருப்பினேன், திருப்பம் குறுகலாகப் போனது, மீன் திரும்ப முடியாமல் ஒரு தடவை தவறவிட்டது, இரண்டாம் சுற்றில் கவ்வியும்விட்டது. கட்டைவிரல் ஸ்பூலில் இல்லை, ஸ்பூலை இறுக்கி வைக்கும் டிராக் வேறு தளர்ந்திருந்தது, கோலை இழுத்தால் ஸ்பூல் சர்ரென்று ஓடுகிறது, முள் இறங்கவே இல்லை. அவசரத்தில் ஓடுகிற ஈர நரம்பில் கட்டைவிரலை அழுத்தினேன், தோல் கிழிந்தது. மீன் தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போய்விட்டது. அன்றிலிருந்து இரை கண்ணில் பட்டதுமே வலது கை அடிக்கட்டையின் முனைக்குப் போய்விடும், இடது கட்டைவிரல் ஸ்பூலை அமுக்கிவிடும், மீன் பின்னால் வந்தாலும் வராவிட்டாலும்.

பழைய 401-ஐ விற்காத கதைக்கு வருகிறேன். ஜெர்க் பெய்ட்டுக்கு இடது, பக்டெயிலுக்கு வலது என்று இரண்டையும் படகில் வைத்திருந்தால் இரண்டு உலகத்தின் நன்மையும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். நடந்தது என்னவென்றால், கோலை மாற்றிய முதல் பத்து வீச்சில், அந்தப் பக்கம் இல்லாத பிடியைக் கை தேடும். கை மாற்றத் தேவையில்லாத ரீலில் கை மாற்றுவேன், கட்டைவிரல் குழம்பும், குருவிக்கூடு. பின்னால் நின்ற அண்ணை (பெரியம்மாவின் மகன், படகு அவருடையது) இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார், "தம்பி, நீ என்ன, ரீலோட கைகுலுக்கிறியா?" அந்தக் கிழமையே அதை அவருடைய மகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் பற்றி ஒரு வார்த்தை. ரீலின் உடம்பு அலுமினியம், உள்ளங்கையில் வைத்துக்கொள்கிற பிடியில் அது ஐஸ்கட்டியைப் பிடிக்கிற மாதிரி. இடது கைக்கு மட்டும் கட்டைவிரல் நுனி வெட்டிய நியோப்ரீன் கையுறை போடுகிறேன், கட்டைவிரல் வெறுமையாக இல்லாவிட்டால் ஸ்பூல் தெரியாது.

முழங்கை இப்போது எப்படி? இருக்கிறது. அக்டோபர் கடைசியில் முணுமுணுக்கும், ஆனால் இப்போது இரண்டு கையும் கொஞ்சம் கொஞ்சமாக முணுமுணுக்கின்றன, ஒன்றே கத்துவதில்லை. பிடியில் நான் இன்னும் தீர்க்காத ஒன்று அடிக்கட்டையின் நீளம். என் உயரம் 5 அடி 5 அங்குலம், எட்டரை அடிக் கோலின் அடிக்கட்டை எனக்கு நீளம், எட்டுப் போடும்போது உயிர்காப்பு ஜாக்கெட்டின் வாரில் போய் மாட்டுகிறது. ஐந்து சென்டிமீட்டர் வெட்டலாமா என்று இந்தக் குளிர்காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெட்டினால் நுனிப் பாரம் இன்னும் கூடும், பின்னால் ஏதாவது எடை திருகவேண்டி வரும். வெட்டிப் பார்த்த குள்ளமானவர்கள் யாராவது இருந்தால், ஜூனுக்கு முன்னால் சொல்லுங்கள்.