மலிவான லேசர் ட்ரைவர்: மூன்றையும் ஓட்டிப் பார்த்தபிறகு எழுதுகிறேன்

பரந்தனுக்குக் கிட்ட முதிரைப் பலகையில் பெயர் பொறித்துக் கொடுப்பது என் தொழில். கடையில் விற்கிற லேசர் மெசின் எனக்குக் கட்டுப்படியாகாது, அதனால் நானே பூட்டியதுதான் ஓடுகிறது. பார்க்க வருகிற பெடியள், அறிவியல் நகரில் படிக்கிறவர்கள் உட்பட, முதலில் கேட்பது ட்ரைவரைத்தான், அதாவது லேசருக்குப் போகிற மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சேக்கிட்டை: "அண்ணை, எங்க எடுத்தனீங்கள், எவ்வளவு முடிஞ்சது?"

லேசர் டயோட்டுக்கு வோல்ற்றேச்சை மட்டும் சரியாகக் கொடுத்தால் போதாது. சூடேறச் சூடேற அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், இழுக்க இழுக்க இன்னும் சூடேறும். தடுக்க ஒரு சேக்கிட் இல்லையென்றால் கண் இமைக்கும் நேரத்தில் மங்கலான எல்.ஈ.டி. மாதிரி ஆகிவிடும், பிறகு அது எதையும் எரிக்காது. அதனால், மின்னோட்டத்தை நானே மீற்றர் வைத்து அளக்கவும் குறைக்கவும் ஏலாத ட்ரைவரைச் சும்மா தந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

சிவப்பு லேசருக்கு எல்.எம். 317 என்ற மூன்று கால் ஐ.சி.யை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை. ரேடியோ, ரீவி திருத்துகிற கடைகளில் இருக்கும். சூட்டை வெளியேற்றுகிற ஹீற்சிங்கும் றெசிஸ்ரரும் சேர்த்தாலும் ஒரு சோற்றுப் பார்சல் காசுக்குள் முடிந்துவிடும். கணக்கு லேசு: 1.25ஐ தடையால் பிரித்தால் வருவது அம்பியர். 10 ஓம் றெசிஸ்ரர் இரண்டைச் சமாந்தரமாகப் போட்டால் 5 ஓம், அதாவது 250 மில்லியம்பியர். பழுதான டிவிடி றைற்றரில் கழற்றின 16 மடங்கு வேக டயோட்டுக்கு அதுதான் உச்சம், 200இல் வைத்தால் நீண்டநாள் உழைக்கும். படம் மட்டும் போடுகிற பிளேயரின் டயோட் இதற்குச் சரிவராது, அதன் சக்தி மிகக் குறைவு.

போன் சார்ஜரின் 5 வோல்ற் இதற்குப் போதாது. டயோட்டுக்கு இரண்டரை, றெசிஸ்ரரில் 1.25, ஐ.சி.க்கென்று இன்னும் இரண்டு வோல்ற் வேண்டும். 9 வோல்ற் அடப்ரர் சுகம். ஐ.சி.யின் உலோக முதுகு வெளியீட்டுக் காலோடு இணைந்தது, ஆகவே மெசின் சட்டத்தில் நேரே பூட்டாமல் இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் வையுங்கள்.

நீலத்துக்கு இதே எல்.எம். 317ஐப் போடலாமா என்று கேட்பார்கள். போடலாம். ஆனால் 12 வோல்ற்றில் ஒரு அம்பியர் ஓட்டினால் ஆறு வாற்றுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். சோலார் பற்றரி சார்ஜ் ஏறும் நேரத்தில் 14 வோல்ற்றையும் தாண்டும், அப்போது எட்டு வாற்றுக்கு மேல். தகரக் கூரைக்குக் கீழே, வைகாசி மத்தியானத்தில், அந்த ஹீற்சிங்கில் கைவைக்க முடியாது.

அடுத்தது எக்ஸ்.எல். 4015 போர்ட், வோல்ற்றேச்சைக் குறைத்துக் கொடுக்கிற சிறிய பலகை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யாரையாவது அனுப்பி எடுக்கலாம், இன்ரநெற்றிலும் வரும். வோல்ற்றேச்சுக்கு ஒரு திருகாணி, மின்னோட்டத்துக்கு ஒரு திருகாணி. சூடு குறைவு, விலைக்கு நல்ல சாமான், சோலார் பற்றரிக்கு அருமை. ஆனால் ஒரு ஆபத்து உண்டு. வெளியீட்டில் இருக்கிற கப்பாசிற்றர் நிறைந்து நிற்கும்போது டயோட்டை இணைத்தீர்களோ, அந்தச் சக்தி முழுதும் ஒரே மூச்சில் டயோட்டுக்குள் இறங்கும். மின்னோட்டக் கட்டுப்பாடு விழிக்குமுன் டயோட் போய்விடும். எனவே மின்சாரத்தை நிறுத்தி, கப்பாசிற்றரை ஒரு றெசிஸ்ரரால் வெறுமையாக்கி, டயோட்டை ஒட்டி, அதன்பிறகே சுவிச்சைப் போடவேண்டும். சுவிச்சும் உள்ளீட்டுப் பக்கம்தான். அதே கப்பாசிற்றர் வேகமான துடிப்புகளையும் மழுக்கிவிடும், ஆகவே படத்தில் நிழல், சாயல் பொறிக்க இது உதவாது. நேர்கோடு வெட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

பொறிப்பு வேலைக்கு நான் நம்புவது 12 வோல்ற் டி.டி.எல். ட்ரைவர், அதாவது தனி வயரில் வருகிற சைகைக்கு ஏற்ப லேசரை வேகமாக எரித்து அணைக்கிறது. மூன்றிலும் விலை கூடினது, இன்ரநெற்றில் ஓடர் பண்ணிக் காத்திருக்கவும் வேண்டும். ஆனால் மெசினை ஓட்டுகிற ஆர்டுயினோ பலகையில் ஜி.ஆர்.பி.எல். 1.1 என்ற மென்பொருளைப் போட்டு, 11ஆம் காலில் இருந்து வயர் கொடுத்து, $32=1 என்று லேசர் முறைக்கு மாற்றினால் முதிரையில் எழுத்து ஓரம் கருகாமல் விழுகிறது. எம்4 கட்டளையில் ஓட்டினால் திரும்பும் மூலைகளில் வேகம் குறைய ஒளியும் தானாகக் குறையும். இதற்குக் கொடுக்கிற காசு வீண் இல்லை. வாங்கும்போது திருகாணி இருக்கிற படத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரு விற்பனையாளர் எனக்கு அனுப்பினதில் திருகாணியே இல்லை, மின்னோட்டம் நிலையாகப் பூட்டப்பட்டிருந்தது. இன்னொன்று, பல போர்ட்களில் டி.டி.எல். வயர் கழன்றிருந்தால் லேசர் முழுப் பலத்தோடு எரியும். டயோட்டைப் பூட்டுமுன் இதைச் சோதியுங்கள்.

சோதிக்கிற முறை மூன்றுக்கும் ஒன்றே. லேசர் டயோட்டுக்குப் பதிலாக 1 என் 5408 என்ற சாதாரண டயோட்களைத் தொடராக ஒட்டுங்கள், சிவப்புக்கு மூன்று, நீலத்துக்கு ஐந்து. அதோடு 1 ஓம், 5 வாற்று றெசிஸ்ரர் ஒன்று. றெசிஸ்ரரின் இரு முனையிலும் மீற்றர் காட்டும் மில்லிவோல்ற்றே மில்லியம்பியர். திருகாணி இருக்கிற ட்ரைவரில் அதை அடியில் இருந்து மெல்ல மெல்ல ஏற்றுங்கள்.

கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடியில் மட்டும் காசு பிடிக்கவேண்டாம். 500 மில்லிவாற்றுக்கு மேல் போனால் அது நான்காம் வகுப்பு லேசர், சுவரில் பட்டுத் தெறிக்கிற ஒளியே கண்ணைக் கெடுக்கும். நீல லேசரென்றால் 450 நனோமீற்றருக்கு ஓ.டி. (ஒளியைத் தடுக்கிற அளவு) 4 அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்ட கண்ணாடியாக, நம்பகமான இடத்தில் எடுங்கள். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது. பிள்ளைகள் விளையாடுகிற வீடென்றால் மெசினைச் சுற்றிப் பலகை அடித்து மூடின பிறகே மின்சாரம் கொடுங்கள்.