கூலன்ட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு உவர்நீரை ஊற்றிய பட்டறை

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 2001 மாடல் ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. இரண்டே இருக்கை. எஞ்சின் நம் முதுகுக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் முன் பம்பருக்குள், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) தொட்டி பின் டிக்கியில். எங்கள் ஊர்ச் சந்துகளுக்கு இது எதற்கு என்று வீட்டிலேயே தினமும் கேட்கிறார்கள். நீங்களும் கேட்க வேண்டாம்.

சென்ற கோடையில் வாரத்துக்கு அரை லிட்டர் கூலன்ட் குறையத் தொடங்கியது. தரையில் ஒரு சொட்டுகூட இல்லை. ராமநாதபுரத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தவர், எந்தக் கருவியையும் தொடாமலே, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது காக்கா" என்றார். காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சினின் தலைப்பகுதிக்கும் (ஹெட்) உடலுக்கும் நடுவே இருந்து, எண்ணெயும் கூலன்ட்டும் எரிந்த வாயுவும் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் தகடு. மூன்றாம் நாள் வண்டி தயார். பில் 64,000 ரூபாய். அதில் கூலன்ட் மட்டும் 16 லிட்டர். பழைய கேஸ்கெட்டைக் காட்டுங்கள் என்றேன். குப்பை வண்டியில் போட்டுவிட்டதாகச் சொன்னார். அந்த இடத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

பத்து நாள் கழித்து ராமேசுவரம் போனேன். பாம்பன் பாலத்தில் வழக்கம்போல ரயில் பாலத்தைப் படமெடுக்க நடுச்சாலையில் வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். நகர முடியாமல் நிற்கும்போது வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. எஞ்சினை அணைத்து, ஒரு மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெல்ல மண்டபம் ஊருக்குத் திரும்பினேன். அங்கே விசைப்படகு எஞ்சின் பார்க்கும் ஒரு பெரியவர் இருக்கிறார். "கார் எனக்குத் தெரியாது தம்பி, சூடு தெரியும்" என்றுதான் தொடங்கினார்.

வண்டி முழுக்க ஆறும்வரை மூடியைத் தொடவிடவில்லை. பிறகு எண்ணெய் மூடியின் அடியைப் பார்த்தார்: மோர் போன்ற நுரை இல்லை. எஞ்சினை ஓடவிட்டார்: தொட்டியில் குமிழி இல்லை, புகைபோக்கியில் வெள்ளைப் புகை இல்லை. கேஸ்கெட் போயிருந்தால் இவற்றில் ஏதாவது ஒன்று பெரும்பாலும் தெரியும். தொட்டியின் வாயில் பிடிக்கும் ஒரு சோதனைத் திரவமும் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அதன் நீலம் மஞ்சளாகும். பட்டறைக்காரர் இவற்றில் ஒன்றையும் செய்யவில்லை. பெரியவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்தக் காரில் ஹெட்டைக் கழற்ற எஞ்சினையே இறக்க வேண்டும். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளில் பழைய துருவும் புழுதியும் அப்படியே இருந்தன. ஸ்பேனர் பட்ட தடமே இல்லை.

அடுத்து தொட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, தகரத்துண்டில் ஊற்றி, அடுப்பில் காட்டினார். வாலிநோக்கம் உப்பளத்தைப் போல வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. சாயம் கலந்த போர்வெல் தண்ணீர்! காவிரிக் குடிநீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊர் இது. நாம் வாயில் வைக்காத தண்ணீரை அலுமினிய எஞ்சினுக்குள் ஊற்றியிருக்கிறார்கள். உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். அரிப்பைத் தடுக்கும் மருந்தே கூலன்ட்டில்தான் இருக்கிறது. கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி கலந்து ஊற்றுவதற்குக் காரணம் இதுதான்.

ஒழுகியது எங்கே? மறுநாள் மதுரையிலிருந்து அழுத்தச் சோதனைப் பம்பு வரவழைத்தோம். ஆறிய எஞ்சினில், தொட்டி மூடியில் குறித்த அளவுக்குக் காற்றடித்து முள்ளைக் கவனிக்க வேண்டும். பத்து நிமிடத்தில் முள் இறங்கியது. தொட்டியின் பின்புறம் மயிரிழை விரிசல். இத்தனை வயதான பிளாஸ்டிக் இந்த வெயிலில் விரியாமல் என்ன செய்யும்? டிக்கி விரிப்பு பல மாதமாக ஈரமாகத்தான் இருந்தது. மண்டபத்தில் மீன் வாங்கி ஐஸ்பெட்டியோடு டிக்கியில் வைத்து வருபவன் நான். ஐஸ் உருகிய ஈரம் என்று நினைத்து வாரா வாரம் துடைத்திருக்கிறேன். அந்தத் தித்திப்பு வாசனையைக்கூட மீன் வாசனை மறைத்துவிட்டது.

தொட்டியோடு மூடியையும் மாற்றினேன். அழுத்தம் நிற்காவிட்டால் கொதிநிலை இறங்கிவிடும்: 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காது, மூடி தளர்ந்தால் 100 டிகிரிதான். உள்ளே இருந்த உப்பு போக டிஸ்டில்டு வாட்டரால் நான்கு முறை அலச வேண்டியிருந்தது. முன்னும் பின்னும் ஓடும் நீண்ட குழாய்களில் காற்று தங்காமல் வெளியேற்ற ஒரு பகல் போயிற்று. ஒழுகலை அடைக்கும் பொடியைப் போடலாம் என்று ஒருவர் சொன்னார். ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைக்கும் என்பதால் மறுத்துவிட்டேன். வடித்த பழைய கூலன்ட்டைத் தெருவில் ஊற்றிவிடாதீர்கள். தித்திப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும், அது விஷம்.

பட்டறைக்காரரிடம் படங்களைக் காட்டினேன். முதலில் கோபப்பட்டார். பிறகு 15,000 ரூபாய் திருப்பித் தந்தார். மீதியைக் கேட்டால் இப்போது போனை எடுப்பதில்லை. பில்லை வைத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் தராமல் போன பழைய கேஸ்கெட்டைப் பற்றித்தான் முதல் பத்தி.