பிரிட்ஜா, ஆக்சஸ் பாயிண்டா? ஃபைபர் மோடத்தோடு சொந்த ரவுட்டர்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீடு பழைய கட்டடம், தடித்த சுவர். ஃபைபர் மோடத்தின் வைஃபை விறாந்தையைத் தாண்டவில்லை. நல்ல ரவுட்டர் ஒன்று வாங்கி மாட்டியதும் நெட்டே நின்றுபோனது. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்ற ஒரே முகவரி. இதைத் தீர்க்க மூன்று வழி உண்டு. மூன்றையும் பார்த்தபின் நான் ஆக்சஸ் பாயிண்ட் பக்கம், அதாவது ரவுட்டரை வைஃபை பரப்ப மட்டும் வைத்து, மற்ற வேலையை மோடத்திடமே விடும் முறை.

ரவுட்டரின் முகவரியை 192.168.2.1 என்று மாற்றி அப்படியே விடுவது எளிது, நெட்டும் வரும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனி வலையமைப்பு உருவாகிவிடும். மோடத்தின் வைஃபையில் இருக்கும் போனுக்கு, ரவுட்டரில் இருக்கும் பிரிண்டர் தெரியாது. சிசிடிவியை வெளியிலிருந்து பார்க்கப் போர்ட் (உள்ளே வரும் வழி) திறப்பதென்றால் இரண்டிலும் திறக்க வேண்டும்.

பிரிட்ஜ் முறைதான் தொழில்நுட்பப்படி சுத்தம். மோடம் சிக்னலை மட்டும் கடத்தும், மற்ற எல்லா வேலையும் ரவுட்டருக்கு. பிபிபிஓஇ (பயனர்பெயர் கொடுத்து உள்நுழையும் வகை) இணைப்பென்றால் பயனர்பெயர், பாஸ்வேர்ட், எம்டியூ (ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவு) 1492, சில இடங்களில் வீலான் எண்ணும் (நிறுவனம் தன் வலையமைப்பைப் பிரித்துக் காட்டும் எண்) ரவுட்டரில் கொடுக்க வேண்டும்.

சரி, மோடம் பழுதானால்? எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் இடிமின்னலுக்கு மோடம் போவது புதிதல்ல. நிறுவனத்தார் புதியதை மாட்டி, தங்கள் வழக்கமான செட்டிங்கோடு விட்டுப் போவார்கள். பிரிட்ஜ் அதில் இருக்காது. திரும்பப் போட மோடத்தின் அட்மின் பாஸ்வேர்ட் வேண்டும், அதைப் பல நிறுவனங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுப்பதில்லை. வீட்டில் அம்மா மட்டும் இருக்கும் நாளில் இது நடந்தால், நான் ஊர் திரும்பும் வரை அவருக்கு நெட் இல்லை. ஆக்சஸ் பாயிண்ட் என்றால் பழைய கேபிளைப் புது மோடத்தில் செருகினால் போதும், அம்மாவே செய்துவிடுவார்.

ரவுட்டரில் ஆக்சஸ் பாயிண்ட் வசதி தனியாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, டிஎச்சிபியை (சாதனங்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலை) நிறுத்தி, மோடத்திலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் வான் துளையில் (இணையம் நுழையும் துளை) அல்லாமல் லான் துளையில் (வீட்டுச் சாதனங்களுக்கான துளை) மாட்டுங்கள். மோடம் கொடுக்கும் முகவரி வரிசைக்குள் அந்த 2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் இழப்பும் உண்டு. பிள்ளைகளுக்கான நேரக் கட்டுப்பாடு போன்ற வசதிகள் பல ரவுட்டர்களில் இந்த முறையில் வேலை செய்யாது. ஆன்லைன் விளையாட்டு எங்கள் வீட்டில் யாரும் ஆடுவதில்லை, அதற்கு எது நல்லதென்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. அது முக்கியமென்றால், பிரிட்ஜ் போட்டுத் தருவார்களா என்று இணைப்பு எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.