குழல் மாற்றிய மாடல் 19: குறை சொல்ல ஒன்றே ஒன்றுதான்

அலுவலக நண்பர் ஒருவருக்குப் பழைய ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 19 ரிவால்வர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதன் குழல் ஒருமுறை மாற்றப்பட்டது என்பதை விற்பவரே சொல்லிவிட்டாராம்; வாங்கலாமா என்று என்னிடம் கேட்டார். என்னிடம் இருப்பதும் குழல் மாற்றிய மாடல் 19தான் என்பதால், வாய்வார்த்தையாகச் சொல்வதைவிட எழுதிவிடுவதே நல்லது என்று தோன்றியது. .357 மேக்னம் தோட்டா, நான்கு அங்குலக் குழல், சுழலும் சிலிண்டரில் ஆறு தோட்டா அறைகள் என்ற அடிப்படை விவரங்களை இங்கே விளக்கப் போவதில்லை.

அமெரிக்க எல்லைக் காவல் படையில் பணியாற்றிய பில் ஜோர்டானின் யோசனையை ஏற்று 1955இல் வெளிவந்த இந்த ரிவால்வரின் சிறப்பு, பெரிய தோட்டாவை நடுத்தர அளவுள்ள சட்டத்துக்குள், அதாவது துப்பாக்கியின் உடற்பகுதிக்குள், அடக்கியதுதான். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. சிலிண்டரைத் தாங்கும் கை மடங்கி உள்ளே வருவதற்கு இடம் வேண்டும் என்பதற்காக, குழலின் பின்வாயில் அடிப்பகுதியைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெய்ன் (ஏறத்தாழ 8 கிராம்) எடையுள்ள குண்டு கொண்ட வேகமான மேக்னம் தோட்டாக்களைத் தொடர்ந்து சுட்டால் அந்த இடத்தில்தான் விரிசல் விடும் என்பது இத்துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. நான் பெரும்பாலும் இதே ரிவால்வர் ஏற்கும், வலு குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டா மட்டுமே சுடுகிறேன். அதன் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு. மேக்னத்துக்கு அது 35,000. ஆகவே இந்தத் துப்பாக்கிக்கு என்னால் ஆபத்து வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஆபத்து இன்னொருவர் வீட்டில் அடைத்த தோட்டாவின் வழியாக வந்தது.

டெக்சாஸில் நாங்கள் வழக்கமாகச் செல்லும் சுடுதளத்தில், வேறொரு நண்பர் தாம் அடைத்த இலக்குப் பயிற்சித் தோட்டாக்களை என் ரிவால்வரில் சுட்டுப் பார்த்தார். இவ்வகைத் தோட்டாவில் இடும் வெடிமருந்து மிகக் குறைவு. பலர் அடைக்கும் 2.7 கிரெய்ன் அளவு என்பது ஏறத்தாழ 0.18 கிராம்தான், தோட்டாவின் உலோகக் கூட்டின் அடியில் அது எங்கோ கிடக்கும் என்பதால், இருமடங்காக விழுந்தாலும் கூடு வழியாது, விழாமலே போனாலும் மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணில் படாது. அன்று ஒரு கூட்டில் மருந்து விழவே இல்லை. மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரின் வலு மட்டுமே ஈயக்குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்தப் போதுமானதாக இருந்தது. வெடிச் சத்தம் மங்கலாகக் கேட்டது. அதன் பொருள் மூளைக்கு எட்டுவதற்குள் நண்பரின் விரல் அடுத்த முறையும் விசையை இழுத்துவிட்டது.

இரண்டாவது தோட்டா முறையாக அடைக்கப்பட்டது. வேகமாக வந்த குண்டு, நின்றுகொண்டிருந்த குண்டின் முதுகில் மோதியது. மென்மையான ஈயம் பக்கவாட்டில் பிதுங்க, அழுத்தம் ஒரே இடத்தில் குவிந்து, குழல் அந்த இடத்தில் உப்பியது. நண்பரின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஆகவில்லை.

சேதத்தைக் கண்டுபிடிப்பது எளிது; எதெல்லாம் சேதமடையவில்லை என்று உறுதி செய்வதுதான் வேலை. சிலிண்டரைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது குழலில் ஒளி ஊடுருவவில்லை. சுட்ட கூடுகளில் ஒன்றின் உட்புறம் மட்டும் மருந்துக் கரி படியாமல் வெளிறியிருந்தது. நடந்தது என்ன என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. குழலில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, பித்தளைக் கம்பியால் முன்வாயிலிருந்து தட்டியபோது, இரண்டு குண்டுகளும் ஒன்றாக நசுங்கிய ஒரே கட்டியாகப் பின்பக்கம் வந்து விழுந்தன. உள்ளே விளக்கடித்துப் பார்த்தால், குண்டைச் சுழலவைக்கும் வரித்தடங்களுக்குக் குறுக்கே ஒரு கருவளையம். இறுக்கமான துணியைக் கம்பியில் கோத்து மெல்லத் தள்ளினால் அந்த இடத்தில் மட்டும் கை சட்டென்று இலகுவாகும். அதைத் தாண்டியதும் மீண்டும் இறுகும். வெளியே விரலுக்குத் தட்டுப்படாத உப்பலும் இந்தச் சோதனைக்குத் தப்பாது.

அறைகளுக்குள்ளும் ஒவ்வொரு வளையம் தெரிந்தது. அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். .38இன் கூடு மேக்னத்தின் கூட்டைவிட ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் குட்டை; கூடு முடிகிற இடத்தில் ஈயமும் கரியும் படிந்து வளையமாகும். துலக்கினால் போய்விடும், போயிற்று. பட்டறையில் அறைகளின் விட்டத்தை அளந்தார்கள், ஆறும் ஒத்திருந்தன. சிலிண்டரை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால் ஆட்டம் கூடவில்லை. சிலிண்டரில் விரலை லேசாக ஊன்றித் தடை கொடுத்தபடி சுத்தியலை மெல்லப் பின்னிழுத்தால், அது முழுதாக ஏறும் முன்பே ஒவ்வோர் அறையும் பூட்டிக்கொண்டது. சட்டத்தில் குழல் திருகப்படும் வளையத்தின் அடிப்பக்கத்தை உருப்பெருக்கியில் பார்த்தும் விரிசல் எதுவும் இல்லை. அவ்வளவு அடி வாங்கியும் சிலிண்டர் அசையவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு, நான் செய்த பொருள் போல.

உப்பிய குழலைச் சரிசெய்ய வழியில்லை. உப்பல் முன்வாய்க்கு அருகில் இருந்தால் வெட்டிக் குட்டையாக்கலாம். என்னுடையது நடுக்குழலில் இருந்தது. சிலர் அப்படியே சுடுகிறார்கள், குறியும் பெரிதாகக் கெடுவதில்லை என்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் அப்பிக்கொள்ளும் ஈயத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. என் துப்பாக்கி 1982க்கு முந்தையது. அதாவது குழல் திருகப்பட்டு, குறுக்கே ஓர் ஊசி அறையப்பட்டிருக்கும் வகை. அந்த வகைக் குழல் இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. அமெரிக்கச் சட்டப்படி துப்பாக்கி என்று கருதப்படுவது சட்டம் எனும் உடற்பகுதிதான், குழல் வெறும் உதிரிபாகம். ஆகவே பழைய பாகங்கள் விற்பவரிடமிருந்து தபாலிலேயே வரவழைத்துப் பட்டறைக்காரரிடம் கொடுத்தேன்.

இனி என் குறைக்கு வருகிறேன். ரிவால்வர் திரும்பி வந்ததும் எடுத்துக் குறிபார்த்தேன். முன் குறிமுள் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அதிகம் இல்லை, ஒரு டிகிரி இருக்கலாம். பலர் கவனிக்கவே மாட்டார்கள். கவனித்தவரால் அதன்பின் வேறெதையும் கவனிக்க முடியாது. குழலின் மேல்முகடு சட்டத்தைச் சந்திக்கும் இடத்தில் நகத்தை ஓட்டினால் ஒரு பக்கம் மட்டும் இடறுகிறது. குழலின் கீழுறையில் உள்ள பூட்டுமுளை, கூடுதள்ளும் கம்பியின் நுனியை நேர்நடுவில் சந்திக்காததால், சிலிண்டரை மூடும்போது முன்பு இல்லாத ஒரு தயக்கம் கைக்குத் தெரிகிறது.

பட்டறைக்காரரிடம் நியாயம் இல்லாமல் இல்லை. இந்தக் குழலின் திருகில் அங்குலத்துக்கு 36 புரிகள். ஒரு முழுச்சுற்றுக்குக் குழல் 0.7 மில்லிமீட்டர் நகரும். ஒரு டிகிரிக்கு 0.002 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. சட்டத்தில் முட்டும் குழலின் தோளைக் கடைசலில் அவ்வளவு நுட்பமாகச் சீவி, சரியான இறுக்கத்தில் குறிமுள் நேர்மேலே நிற்கும்படி நிறுத்த வேண்டும். கூடுதலாகச் சீவினால் குழல் மறுபக்கம் சுற்றிவிடும். இன்னும் வலுவாக முறுக்கி நேராக்கலாம் என்றால், ஏற்கெனவே மெலிந்திருக்கும் பின்வாய்க்கு அந்த இறுக்கமே விரிசலின் விதையாகலாம். முறையான இடுக்கியில் சட்டத்தைப் பிடித்துத்தான் திருகினார், கோணவில்லை. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான இடைவெளியை 0.15 மில்லிமீட்டரில் நிறுத்தியிருக்கிறார். அதைவிடச் சிறப்பாகச் செய்ய முடியாது. “பின்குறியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள், அதற்குத்தானே திருகு வைத்திருக்கிறார்கள்?” என்றார்.

நகர்த்தினேன். கணக்கும் அவர் சொன்னதற்கு ஒத்துவருகிறது. குறிமுள்ளின் நுனி குழலின் மையத்திலிருந்து ஏறத்தாழ 19 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு டிகிரி சாய்ந்தால் நுனி 0.33 மில்லிமீட்டர் விலகும். அதனால் 25 கெஜத் தொலைவில் குண்டு ஏறத்தாழ 2 அங்குலம் இடப்பக்கம் விழும். அப்படியே விழுந்தது. பின்குறியை வலப்பக்கம் தள்ளியதும் நடுவுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து, தொழிற்சாலைத் தோட்டாவாக இருந்தாலும், நண்பர் இப்போது ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்த்து அடைக்கும் தோட்டாவாக இருந்தாலும், துளைகள் பழைய குழலில் விழுந்ததைவிட நெருக்கமாகவே விழுகின்றன. விசையின் இழுப்பு அதே வழவழப்பு. பின்வாயை ஒவ்வொரு முறை துடைத்த பிறகும் அந்தத் தட்டையான அடிப்பகுதியைப் பார்க்கிறேன், கீறல் இல்லை. புதுக் குழலின் நீலப்பூச்சு சட்டத்தின் நீலத்தைவிட ஒரு சாயல் கறுப்பு. அது எனக்கு உறுத்தவில்லை.

உறுத்துவது அந்தச் சாய்வு மட்டுமே. பின்குறி ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்க, முன்முள் அதே பக்கம் தலையைச் சாய்த்து நிற்க, இரண்டும் சேர்ந்து நடுவில் சுடுகின்றன என்பதை என் அறிவு ஏற்றுக்கொள்கிறது, கண் ஏற்க மறுக்கிறது. கூலியைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு மறுபடி கழற்றச் சொல்வதற்கும் மனம் இல்லை. ஒவ்வொரு முறை கழற்றும்போதும் சட்டத்துக்கு ஆபத்து என்று அவரே எச்சரித்தார், அதுவும் உண்மைதான்.

வாங்கலாமா என்று கேட்ட அலுவலக நண்பருக்கு என் பதில்: வாங்கலாம். பார்க்கப் போகும்போது இடைவெளி அளக்கும் தகடுகளையும் சிறு விளக்கையும் எடுத்துச் செல்லுங்கள். பின்வாயின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், பூட்டுவதை ஆறு அறைகளிலும் சோதியுங்கள். எல்லாம் சரியாக இருந்தால், குழல் மாற்றிய மாடல் 19 அசலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. விலையில் பேரம் பேசவும் அந்த மாற்றமே உதவும். என்னுடையதைக் கேட்டீர்களானால், வாங்கிய விலைக்கே தந்துவிடுகிறேன், குழலுக்கும் கூலிக்கும் ஆன செலவைச் சேர்க்கமாட்டேன். சட்டம் பெரிதாக்கப்பட்டு, பின்வாயில் தட்டைச் சீவலே இல்லாத அதே நிறுவனத்தின் மாடல் 686 ஒன்றைக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். குறிமுள் நேராகத்தான் நிற்கிறது. பணம் கட்டும் முன் இன்னொருமுறை பார்த்துவிட்டு வர வேண்டும்.