கிரீன் கார்டா, கனடா பிஆரா? பிறந்த நாடு குறுக்கே நிற்கும் இடம்

ஒன்பது ஆண்டுகள் அமெரிக்காவில் ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருந்தோம். அங்கே நிரந்தரமாக வசிக்க உரிமை தரும் கிரீன் கார்டுக்கான வரிசையைப் பாதியில் விட்டு 2019-ல் கனடாவுக்கு வந்துவிட்டோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் அங்கே கூடுதல், குளிர் இங்கே கூடுதல். இது எல்லோருக்கும் தெரியும். எங்கள் முடிவைத் தீர்மானித்தது சட்டம்.

பழைய வரலாற்றில் இரண்டு நாடுகளுமே நம்மை வாசலில் நிறுத்தியவைதான். அமெரிக்கா 1917-ல் ஆசியாவின் பெரும்பகுதிக்குக் கதவை அடைத்தது. 1946-ல் திறந்தபோது இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம். கனடா 1908-ல், சொந்த நாட்டிலிருந்து வழியில் எங்கும் மாறாமல் நேரே வருபவருக்கே அனுமதி என்றது. இந்தியாவிலிருந்து அப்படி வரக் கப்பலே கிடையாது. அதை எதிர்த்து 1914-ல் 376 பேருடன் வந்த கோமகாட்டா மாரு கப்பல், வான்கூவரில் இரண்டு மாதம் நின்றுவிட்டு மிகச் சிலரை மட்டும் இறக்கித் திரும்ப நேர்ந்தது. அதைப் படிக்கும்போது இன்றும் மனம் கனக்கிறது.

1960-களில் இரு நாடுகளும் இனப் பாகுபாட்டை எடுத்தன. அந்த இடத்தில் எதை வைத்தார்கள் என்பதில்தான் பாதை பிரிகிறது.

கனடா 1967-ல் புள்ளி முறையைக் கொண்டுவந்தது. படிப்பு, மொழி, வயது, தொழில் எல்லாம் சேர்த்து 100-க்கு 50 எடுத்தால் தேர்வு. 2015-ல் வந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற தேர்வு முறையும் அதன் வாரிசுதான். எந்த நாட்டில் பிறந்தீர்கள் என்பதற்கு அதில் புள்ளியும் இல்லை, உச்சவரம்பும் இல்லை.

அமெரிக்காவின் 1965 சட்டம் நாடுகளுக்குச் சமமான உச்சவரம்பு வைத்தது. 1990 சட்டத்தில் அது 7 சதவீதம் ஆனது. வேலை வழியில் ஆண்டுக்கு 1,40,000 கிரீன் கார்டு என்றால், ஒரு நாட்டுக்கு ஏறத்தாழ 9,800. ஐஸ்லாந்துக்கும் அதே அளவு, இந்தியாவுக்கும் அதே அளவு. மனைவி, பிள்ளைகளும் இந்தக் கணக்குக்குள்தான். மற்ற நாடுகள் மிச்சம் வைத்தால் கொஞ்சம் கூடக் கிடைக்கும். பார்ப்பது பாஸ்போர்ட்டை அல்ல, பிறந்த நாட்டை. நான் நாளை கனடா குடிமகனாகப் போய் விண்ணப்பித்தாலும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும்.

நாங்கள் கிளம்பிய ஆண்டில், யாருடைய முறை வந்தது என்று மாதந்தோறும் அமெரிக்க அரசு சொல்லும் விசா புல்லட்டின், உயர்படிப்புத் தகுதியுள்ளவர்களுக்கான இபி-2 பிரிவில் இந்தியர்களின் 2009 மனுக்களைத்தான் எடுத்துக்கொண்டிருந்தது. என் பிரையாரிட்டி டேட், அதாவது வரிசையில் இடம் பிடித்த நாள், 2014. அதுவரை ஹெச்-1பியை நீட்டித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் வேலை போனால் 60 நாள்தான் அவகாசம். சென்னையில் பிறந்த மகளுக்கு அப்போது 11 வயது. 21 ஆகிவிட்டால் அவள் எங்கள் மனுவிலிருந்து விழுந்துவிடும் நிலை. ராத்திரி கண்விழித்து இந்தத் தேதிகளைக் கூட்டிக் கழித்தது போதும் என்று ஆனது. இங்கே பிஆர் என்ற நிரந்தர வசிப்புரிமை கையில் வந்த நாளிலிருந்து எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். ஐந்தாண்டில் 1,095 நாள் இங்கே வசித்தால் குடியுரிமை கேட்கலாம்.

என் அனுபவம் 2019-ஓடு நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை உத்தரவாதத்துக்கான புள்ளிகளை எடுத்துவிட்டார்கள். முப்பதைத் தாண்டினால் வயதுப் புள்ளி ஆண்டுதோறும் குறையும், 45-ல் பூஜ்யம். அன்று எனக்குப் போதுமாக இருந்த மதிப்பெண் இன்று போதும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

இலங்கையில் பிறந்தவர்களுக்கு இந்த இந்திய வரிசை கிடையாது. இந்தியாவில் பிறந்தவருக்கும், கணவனோ மனைவியோ சிங்கப்பூரிலோ குவைத்திலோ பிறந்திருந்தால் அந்த நாட்டுக் கணக்கில் விண்ணப்பிக்க வழி உண்டு. அப்படிப்பட்ட தம்பதிக்கு என் கணக்கு பொருந்தாது. அவர்கள் அமெரிக்காவிலேயே பொறுத்திருக்கலாம்.